கேமராவைப் பார்க்காதீர்கள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தம்பி நம்பிராஜனின் கல்யாணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. இந்த மாதம் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை, காலை ஏழரைக்குள் முகூர்த்தம். மண்டபம் கிடையாதாம். கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் பெண் வீட்டாருக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது, அதில்தான் கல்யாணம். எல்லாம் மணப்பெண் உலகம்மாளின் பிடிவாதம். அவள் அப்பா, "ஆவணியில சாரல் விழுந்தா என்னட்டி செய்வ?" என்று கேட்டதற்கு, "நனைவோம்" என்றாளாம். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

இடைப்பருவத் தேர்வுத் தாள்கள் இன்னும் ஒரு கட்டு திருத்த வேண்டும். ஒரு பெண் செம்பருத்திக்கு ஏழு இதழ் வரைந்து, ஏழுக்கும் பெயர் எழுதியிருக்கிறாள். பதினோரு வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்த பலன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிச்சம்மாள் பெரியம்மா வந்திருந்தாள். அம்மாவின் அக்கா. அப்பா இல்லாததால், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் பெரியம்மாவும் பெரியப்பாவும்தான் நிற்கப்போகிறார்கள். அம்மா மணவறைக்கு வெளியே தள்ளி நிற்பாள். அதை அம்மாவேதான் முதலில் சொன்னாள்.

மல்லித்தழை வாங்கக் கிளம்பினேன். பர்ஸை மறந்துவிட்டு, தெருமுனையிலிருந்து திரும்பி வந்தேன். அடுக்களையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பேச்சு; எனக்குச் சம்பந்தமில்லாதது. பர்ஸை எடுக்காமலே போய்விட்டேன்.

சாயங்காலம் சென்னையில் இருக்கும் நம்பிக்குப் போன் செய்து, கல்யாணத்தில் நான்தான் படம் எடுப்பேன் என்று சொன்னேன்.

"யக்கா, நீ பூச்சியப் படம் எடுக்கவ" என்றான்.

"பூச்சி ஒரு இடத்துல நிக்காது. நீ நிப்ப. உன்னைய எடுக்கது லேசு."

"ஸ்டூடியோக்காரர்ட்ட பேசியாச்சே."

"வேண்டாம்னு சொல்லிரு."

"நீ மணவறையில நிக்கணும்லா? மூணாவது முடிச்சு யாரு போடுவா?"

தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் இரண்டையும் மாப்பிள்ளை போடுவான். மூன்றாவதை அவனுடன் பிறந்தவள், அதாவது பெண்ணுக்கு நாத்தனார், போட வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

"தேவிகா இருக்காள்லா" என்றேன். தேவிகா பெரியம்மாவின் மகள், எங்களுக்குத் தங்கை முறை. புருஷன், இரண்டு பிள்ளைகள் என்று நிறைவாக இருக்கிறாள்.

"அது அப்பப் பாத்துக்கிடுவோம்" என்று வைத்துவிட்டான்.

ஒன்றை எழுதி வைக்கிறேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. நானாக ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வேலை இது.

ஆகஸ்ட் 13

காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்று பழகிப் பார்த்தேன். நாற்பது பேரை ஒரே படத்தில் எடுத்தால் நாலு பேர் கண்ணை மூடுகிறார்கள், ஒருத்தி மூக்கைச் சொறிகிறாள், தலைமையாசிரியை மட்டும் எல்லாப் படத்திலும் முறைக்கிறார். தட்டானுக்கு இமை கிடையாது என்பது எவ்வளவு பெரிய வசதி என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தோப்புக்குப் போய் இடம் பார்த்துவிட்டு வந்தேன். மேற்கே மலை என்பதால் காலை வெயில் தடையில்லாமல் வரும். பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்கே பார்த்து உட்காருவார்கள். நான் எதிரே, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகத்தில் வெளிச்சம் அள்ளிக் கொட்டும். ஆனால் கிளை நிழல் விழுகிற இடத்தில் உட்கார வைத்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். உலகம்மாளை நிற்க வைத்து எடுத்துப் பார்த்தேன். சிறுத்தைக்குப் புடவை கட்டியது மாதிரி வந்தது. காட்டினேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மணவறையைப் பத்தடி கிழக்கே தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

மரத்தில் முசுறு எறும்பு நிறைய. மேளக்காரர்களை அடுத்த மரத்தடியில் உட்கார வைக்க வேண்டும்.

போகும்போது உலகம்மாள் கேட்டாள். "மதினி, முடிச்சு போட வேற யாரோ வாறாங்கன்னு அவங்க சொன்னாங்க."

"தேவிகா. நல்லா கெட்டியா போடுவா."

"எனக்கு அவங்களத் தெரியாதே. உங்களத்தான தெரியும்."

சூரியன் இந்த மாதக் கடைசியில் எத்தனை மணிக்கு மரத்துக்கு மேலே வரும் என்று அவள் அப்பாவிடம் கேட்கப் போய்விட்டேன்.

எனக்கும் ஒரு தடவை கல்யாணம் நடந்தது. மூன்று வருஷம் இருந்து பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதுவும் ஆயிற்று ஆறு வருஷம். படங்கள் என்னவோ நன்றாகத்தான் வந்திருந்தன.

ஆகஸ்ட் 22

அம்மா எனக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்திருக்கிறாள். அரக்குச் சிவப்பு. குனிந்து நிமிர்ந்து ஓட வேண்டும், சுடிதார்தான் சரி என்றேன். "சரி, புடவை அங்கன இருக்கட்டும்" என்று என் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள். நேற்றே மடித்து அலமாரியில் வைத்தேன். இன்றைக்குத் திரும்பக் கட்டில்மேல் இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

பேட்டரி இரண்டும் ஏற்றியாகிவிட்டது. மழை வந்தால் கேமராவை மூட பாலித்தீன் பை, துடைக்க அப்பாவின் பழைய வேட்டித் துணி.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலியாம், நாளைக்கு வரவில்லையாம். சித்தப்பாவும் சித்தியும் அந்த இடத்தில் நிற்பார்களாம். அம்மா இதைக் கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். "தேவிகா வாறாளா?" என்று கேட்டேன். "வருவா" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. இடுப்பு இற்றுப்போயிற்று. மறப்பதற்குள் எழுதுகிறேன்.

விடியும்போது பொடிச் சாரல். பிறகு வானம் வெறித்துவிட்டது. இலையெல்லாம் கழுவி விட்டாற்போல இருந்தது. மலைமேல் மட்டும் கொஞ்சம் மேகம். இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. யார் எடுத்தாலும் படம் நன்றாக வந்திருக்கும், அடக்கத்துக்குச் சொல்லவில்லை. முசுறு எறும்பு மேளக்காரர்களை விட்டுவிட்டு, புரோகிதரின் காலைப் பதம் பார்த்தது. மந்திரத்தின் நடுவே அவர் ஒரு தடவை துள்ளியது படத்தில் இருக்கிறது.

ஆரம்பத்திலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: "யாரும் கேமராவப் பாக்காதீங்க. நான் இல்லன்னு நெனச்சுக்கிடுங்க." சித்திக்குத்தான் கடைசிவரை அது பிடிபடவில்லை. நான் திரும்பும்போதெல்லாம் தலையைக் கோதிக்கொண்டு நேராக நின்றாள்.

நான் சுடிதாரில்தான் போனேன். அம்மா புடவையை ஒரு பையில் போட்டுக் காரில் எடுத்து வந்திருந்தாள். "அங்க மாத்திக்கிட ரூம் இருக்கு" என்றாள். நேரமில்லை என்றேன். உண்மையிலேயே நேரமில்லை.

கெட்டிமேளம் கொட்டினார்கள். நம்பி தாலியைக் கட்டினான். ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சு. நூலைப் பிடித்தபடியே நிமிர்ந்து என்னவோ சொன்னான். அவ்வளவு மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டான். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், நீங்கள் நடத்துங்கள் என்று இடது கையால் சைகை காட்டினேன். வலது கை விரல் பட்டனை அழுத்தியபடியே இருந்தது. பிறகு தேவிகா வந்து முடிச்சைப் போட்டாள். அட்சதை விழுந்தது. எல்லாமாகச் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

சூரியன் மேகத்துக்குள் போய்விடுமோ என்று பயம். அதனால்தான் நான் நகரவில்லை.

அதற்குப் பிறகும் வெகுநேரம் வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 30

தூங்கினேன். துணி துவைத்தேன். சுடிதாரில் மாமரப் பிசின் கறை.

செப்டம்பர் 4, வியாழன்

இன்றைக்குத்தான் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒழுங்காகப் பார்த்தேன். பாதிக்குமேல் குப்பை. சித்தப்பா கொட்டாவி விடுகிறார். பந்தியில் பாதிப்பேருக்குத் தலை இல்லை. மாலை மாற்றும் படத்தில் மாலைக்குப் பின்னால் இருக்கிற மாமரம் துல்லியமாக இருக்கிறது; ஆட்கள் மசமசவென்று இருக்கிறார்கள். தாவரவியல் டீச்சர் எடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

தாலி கட்டும் நேரம் வந்தது. விரலை எடுக்காததால் வரிசையாக விழுந்திருக்கின்றன. முதல் முடிச்சு நல்ல படம். இரண்டாவதும் நல்ல படம். அதற்கடுத்த படத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அத்தனை தடவை சொன்னேனே, இந்த நேரத்தில் போயா இப்படி என்று.

பெரிதாக்கிப் பார்த்தேன்.

நம்பி நூலை விடாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். உலகம்மாள் கழுத்துப் பூச்சரத்தை ஒரு கையால் ஒதுக்கியபடி என்னைப் பார்க்கிறாள். புரோகிதர் பார்க்கிறார். சித்தியும் சித்தப்பாவும் அட்சதை வைத்த கையை மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பியிருக்கிறார். தேவிகா பின்வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் வருவதாகவே இல்லை. ஓரத்தில், மாமரத்தை ஒட்டி அம்மா. யார் கையிலிருந்தும் ஒரு அரிசி விழவில்லை.

அவர்கள் கேமராவைப் பார்க்கவில்லை.

அடுத்த படமும் அதே. அதற்கடுத்ததும் அதே. ஒரு நிமிஷம் ஆகவில்லை என்று எழுதியிருந்தேன். படங்கள் முடிகிற வழியாக இல்லை. முதலில் நம்பி சிரிக்கிறான். பிறகு அந்தச் சிரிப்பு பாதியாகிறது. பிறகு இல்லை. உலகம்மாள் கை வலித்திருக்க வேண்டும், சரத்தை இன்னொரு கைக்கு மாற்றியிருக்கிறாள். கடைசிப் படத்தில் மற்றவர்கள் எல்லாம் என்னைப் பார்க்க, அம்மா மட்டும் தரையைப் பார்க்கிறாள்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையை இஸ்திரி போட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தேவிகா வந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"யக்கா, எம்மேல கோவம் இல்லேல்லா?" என்றுதான் ஆரம்பித்தாள். "நானா போகலக்கா. நேரம் போகுதுன்னு ஐயர் சொன்னாரு. நம்பியண்ணன் எங்கிட்ட கண்ணக் காட்டினான். பிள்ளைய யார்ட்டயோ குடுத்துட்டு ஓடினேன்."

"நான்தான உன்னையப் போடச் சொன்னேன்."

"நீ சொன்ன. உங்கம்மா ஒத்துக்கிடலியே."

எனக்கு விளங்கவில்லை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்றாள். "எங்கம்மாவுக்கு முழங்கால்ல ஒரு வலியும் இல்ல."

பத்தாம் தேதி அடுக்களையில் நான் கேட்டதை இங்கே எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். "வாழாவெட்டி கையால முடிச்சு போட்டா அந்தப் பிள்ள விளங்குமா? நீ யோசிக்காண்டாமா?" இது பெரியம்மா சொன்னது. அம்மா என்ன பதில் சொல்வாள் என்று நான் நிற்கவில்லை. ஒத்துக்கொள்வாள் என்றே நினைத்தேன். தன்னையே தள்ளி நிறுத்திக்கொண்டவள் வேறென்ன சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பதிலைக் காதால் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் பர்ஸைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

அம்மா சொன்ன பதிலைத் தேவிகா சொன்னாள். அவள் வீட்டில் பெரியம்மா ஒரு மாதமாக இதையேதான் சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்கிறாளாம். "நான் தாலி அறுத்தவ, நான் தள்ளி நிக்கேன். எம் மவளத் தள்ளி நிக்கச் சொல்ல ஒருத்தருக்கும் பாத்தியதை இல்ல. மனசில்லாட்டி நீ வராண்டாம்க்கா."

சொந்த அக்காவை வர வேண்டாம் என்றிருக்கிறாள். அதோடு நிற்கவில்லை. சித்தியிடம், புரோகிதரிடம், உலகம்மாளின் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். மேளக்காரர்களிடம்கூட. "எம் மவ வந்து முடிச்சு போடுத வரைக்கும் கொட்ட நிறுத்தாதீங்க" என்று.

அதனால்தான் அத்தனை சத்தம். அதனால்தான் நம்பி கூப்பிட்டது காதில் விழவில்லை. விழாவிட்டால் என்ன, வாய் அசைந்தது தெரிந்ததே.

தேவிகா போனபிறகு கோழிக்குப் போட வேண்டிய அரிசியை ஊறவைத்த உளுந்தில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 8

அம்மாவிடம் கேட்கவில்லை. தலைவலி.

செப்டம்பர் 9, செவ்வாய்

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. "சொல்லியிருந்தா நீ வந்திருப்ப" என்றாள்.

"வந்திருப்பேன்லா. பின்ன ஏன் சொல்லல?"

"எனக்காவ வந்திருப்ப. எனக்காவ ஒரு தடவ கழுத்த நீட்டினது போதாதா? இது நீயா வரட்டும்னு நெனச்சேன். வருவன்னுதான் நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மன்னித்துக்கொள் என்றேன். "எதுக்கு? அதான் படம் நல்லா வந்திருக்கே" என்றாள். அவள் ஒரு படத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

கீரையில் பாதி காம்போடு கிடந்தது. நான் உருவியது. அம்மா அதை எடுத்துத் திரும்ப உருவினாள்.

ஒரு நாள் முழுக்க எத்தனை பேருடைய முகத்தைப் பார்த்தேன். வெளிச்சம் விழுகிறதா, நிழல் விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன். அவள் பையில் புடவையை எடுத்துக்கொண்டு வந்ததைக்கூடப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெரியம்மா வந்தாள். ஒரு சம்படம் நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு, கால் வலி எதுவும் இல்லாமல், படியில் தாவி ஏறி வந்தாள். வந்ததும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"நீதாம்ட்டி பொம்பள" என்றாள். "தேவிகா சொன்னா. கூப்பிட்டும் நீ போகலியாமே. சபையில வச்சு வேண்டாம்னு கையக் காட்டினியாமே. உங்கம்மைக்கு இல்லாத புத்தி உனக்கு இருக்கு. நம்ம நெலம என்ன, நம்ம எடம் எதுன்னு தெரிஞ்சு நடக்கதுக்கும் ஒரு பெரிய மனசு வேணும்லா."

அம்மா அங்கேதான் இருந்தாள். சம்படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய மனசெல்லாம் இல்ல பெரியம்மா" என்றேன். "எனக்குப் பயம். வந்தா யாராவது ஏதாவது சொல்லிருவாங்களோன்னு பயந்துட்டேன். நான் போயிருக்கணும். போகாதது தப்பு."

பெரியம்மா அம்மாவிடம் திரும்பினாள். "பாத்தியா, எவ்வளவு தன்மையா பேசுதா. இதான் அடக்கம்."

அம்மா எழுந்துபோய் காப்பி போட்டுக்கொண்டு வந்து பெரியம்மாவிடம் கொடுத்தாள். "சீனி போதுமான்னு பாரு" என்றாள். பிறகு இருவரும் சித்தியின் புடவையைப் பற்றிப் பேசினார்கள். அக்காவும் தங்கையும் சேர்ந்துவிட்டார்கள். நான்தான் சேர்த்து வைத்தேன் என்று பெயர்.

பெரியம்மாவைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அரக்குச் சிவப்புப் புடவை அலமாரியில் இருக்கிறது. அம்மாதான் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

உலகம்மாள் சென்னையிலிருந்து போன் செய்தாள். நான் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்களாம். வீட்டில் மாட்ட ஒன்று வேண்டுமாம், பெரிதாக.

நான் ஏற்கெனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு திடீரென்று சாரல் விழ, இருவரும் ஒரு வாழையிலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடுகிற படம். என் கையால் அப்படி ஒரு படம் வந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

"அது நல்லாத்தான் இருக்கு மதினி. எங்களுக்கு அந்தப் படம் வேணும். எல்லாரும் நேரா பாக்குதோம்லா, அது."

"அது வேண்டாம் உலகு. அதுல தாலி கட்டது பாதியில நிக்கி."

"நிக்கட்டும். அதுல நாங்க உங்களக் கூப்பிட்டுட்டு இருக்கோம்."

வகுப்பு மணி அடித்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன். பள்ளி வாசலில் கொஞ்ச நேரம் நின்று அழுதேன்.

ராத்திரிச் சமையலுக்கு முன்னால் அந்த வரிசையைத் திறந்து, எதைப் பெரிதாக்கி அனுப்பலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் படத்தை அனுப்பினேன். அதில் நம்பி சிரித்துக்கொண்டிருக்கிறான். அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். அதில் நான் இன்னும் வேண்டாம் என்று கையைக் காட்டவில்லை.